‘திரைக்குப் பின்னால் ஒதுங்கினார்’ என்று எழுதுவோருக்கு

சண்டைப் படங்களால் பெயர்பெற்ற நடிகர் ஒருவருக்கு அறுபது வயது கடந்துவிட்டால், அவரைப் பற்றிய கட்டுரைகள் அனைத்தும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கின்றன. உடல் ஒத்துழைக்கவில்லை, ஆகவே திரைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார் என்பதே அது. சம்மோ ஹங் சண்டை அமைத்தாலும், ஜாக்கி சான் இளையவர்களுக்கு வழிவிட்டாலும், அர்ஜுன் படம் இயக்கினாலும் எழுதுவோரின் குரலில் இரங்கலின் சாயல் தவறாமல் ஏறிவிடுகிறது. வாரப்பத்திரிகை அவ்வாறு எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம். திரைப்பட ஆய்வு என்ற பெயரில் படிக்கப்படும் கட்டுரைகளிலும் அதே ‘ஒதுங்குதல்’ என்ற வினை எவ்வித ஐயமும் இன்றிக் கையாளப்படுவதுதான் பொறுக்க முடியாதது.

தமிழில் ‘முன்’, ‘பின்’ ஆகிய இரண்டும் இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். வீட்டுக்குப் பின் என்றால் இடம். திருமணத்துக்குப் பின் என்றால் காலம். ‘திரைக்குப் பின்’ என்னும்போது இவ்விரு பொருளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. திரைக்கு அப்பால் நின்று செய்யப்படும் வேலை, திரை வாழ்க்கை முடிந்த பிறகு செய்யப்படும் வேலையாகக் காதில் விழுகிறது. இந்த வழுக்கலைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் மொழியியல் துறையினர். அதைக் கவனிக்க வேண்டியவர்கள் திரைப்படத்தை ஆய்வோர். இரு தரப்பும் தங்கள் வேலையைச் செய்யவில்லை. காரணம், சண்டைக் காட்சி என்பது ஆய்வுக்குரிய பொருளே அன்று என்ற நினைப்பு இரு தரப்புக்கும் பொதுவானது.

வரலாறு இந்த வழுக்கலுக்கு நேர் எதிராக இருக்கிறது. ஹாங்காங்கின் தற்காப்புக் கலைப் படங்களில் பெரும்பாலான பெரிய பெயர்கள் பின்னிருந்து முன்னே வந்தவை. யூன் சியு-தின் என்ற முதியவரை உலகம் 1978இல் வெளிவந்த ‘ட்ரங்கன் மாஸ்டர்’ படத்தின் குடிகார ஆசானாகத்தான் அறியும். அப்போது அவருக்கு வயது 66. அதற்கு முன் பல பத்தாண்டுகள் அவர் செய்துவந்தது சண்டை அமைக்கும் வேலை. குவான் தக்-ஹிங் நடித்த வோங் ஃபே-ஹுங் படவரிசையின் சண்டைகளில் அவர் கைவண்ணம் உண்டு. முதுமையில் அவர் பின்னே போகவில்லை, முன்னே வந்தார். அந்தப் படத்தை இயக்கியவர் அவருடைய மகன் யூன் வூ-பிங். பின்னாளில் ‘தி மேட்ரிக்ஸ்’ (1999), ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ (2000) ஆகிய படங்களின் சண்டைகளை அமைத்தவரும் இவரே. லாவ் கார்-லியுங் ஷா சகோதரர்களின் நிறுவனத்தில் பத்தாண்டுக் காலம் சண்டை அமைத்துவிட்டு 1975இல் இயக்குநரானார். முதன்மை வேடத்தில் நடிக்க அதன் பிறகே வந்தார். சம்மோ ஹங் 1973இல், தம் இருபத்தொன்றாம் வயதுக்குள், கிங் ஹூவின் ‘தி ஃபேட் ஆஃப் லீ கான்’ படத்துக்குச் சண்டை வடிவமைத்துவிட்டார். 2008இல் ‘இப் மேன்’ படத்துக்கு அவர் அதே வேலையைச் செய்தபோது, ‘வயதானதால் கேமராவுக்குப் பின்னால் சென்றார்’ என்று எழுதியவர்கள் அவருடைய முதல் முப்பத்தைந்து ஆண்டுகளை வாசிக்காமல் விட்டவர்கள். போன இடத்தைவிட்டு ஒருபோதும் நீங்காத ஒருவர் அந்த இடத்துக்கு எப்படி ‘ஒதுங்க’ முடியும்?

அர்ஜுனின் கதையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. தும்கூர் மாவட்டத்து மதுகிரியில் பிறந்து, கன்னடப் படத்தில் அறிமுகமாகி, தமிழில் ‘ஆக்ஷன் கிங்’ என்ற பட்டம் பெற்ற அவர் ‘சேவகன்’ படத்தை இயக்கியது 1992இல். ‘ஜெய்ஹிந்த்’ 1994இல். காலை உயர்த்தி உதைக்கும் வலிமை உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. 2018இல் ‘இரும்புத்திரை’யில் அவர் எதிர்நாயகனாக வந்ததை ஓய்வின் முதற்படியாகவும், ‘சொல்லிவிடவா’வை அதே ஆண்டில் இயக்கியதை இரண்டாம் படியாகவும் வரிசைப்படுத்துவது, நேராக ஓடாத ஒரு வாழ்க்கையைக் கட்டுரையின் வசதிக்காக நேர்ப்படுத்துவதேயாகும்.

இருப்பினும் ஹாங்காங்குக்கும் தமிழகத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. விவாதத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. ஹாங்காங்கில் சண்டையை அமைத்தவரும் சண்டையிட்ட நட்சத்திரமும் பெரும்பாலும் ஒரே பள்ளியில், ஒரே ஆசானிடம், ஒரே பிரம்படி வாங்கி வளர்ந்தவர்கள். சம்மோ ஹங்கும் ஜாக்கி சானும் யூ ஜிம்-யூனின் பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் ஒன்றாகப் பயின்றவர்கள். ஒருவர் முன்னே நிற்பதும் மற்றவர் பின்னே நிற்பதும் அந்தந்தப் படத்துக்கான ஏற்பாடு மட்டுமே. தமிழ்த் திரையில் நாயகன் ஒருவர், சண்டையை உருவாக்குபவர் வேறொருவர், அடிபட்டு விழுபவர் மூன்றாமவர். இம்மூன்று உடல்களின் உழைப்பும் ஒரே பெயரில் வரவு வைக்கப்படுகிறது. 1980இல் வெளிவந்த ‘முரட்டுக்காளை’யின் ரயில் சண்டையை நினைவில் வைத்திருப்போர் ஏராளம். அது ரஜினியின் சண்டை. அதை அமைத்தவர் ஜூடோ ரத்தினம் என்று கேட்காமலே சொல்பவர் எத்தனை பேர்?

குடியாத்தத்தில் பிறந்த ஜூடோ கே. கே. ரத்தினம் 1966இல் வந்த ‘வல்லவன் ஒருவன்’ படத்திலிருந்து தென்னகத்தின் எல்லா மொழிகளிலும் சண்டை அமைத்தவர். 1,200 படங்களைக் கடந்த எண்ணிக்கைக்காக 2013இல் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றவர். விக்ரம் தர்மா, சூப்பர் சுப்பராயன், ராம்போ ராஜ்குமார், ஜாகுவார் தங்கம் என அடுத்த தலைமுறையில் சண்டை அமைத்தவர்களில் பலர் அவரிடம் தொழில் பழகியவர்கள். 2006இல் ‘தலைநகரம்’ படத்தில் முதியவராக நடிக்க வந்தார். யூன் சியு-தின்னைப் போல இவரும் முதுமையில் முன்னே வந்தவரே. 2023 ஜனவரி 26ஆம் நாள் அவர் இறந்தபோது செய்திகள் அவரை என்னவென்று அழைத்தன? சண்டைப் பயிற்சியாளர்.

இந்தச் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தமிழ்ப் படம் ஒன்றின் தொடக்கப் பெயர்ப்பட்டியல் எப்படி ஓடுகிறது? இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கலை, நடனம், பாடல்கள். ஒவ்வொன்றும் படைக்கப்பட்ட பொருளின் பெயர் அல்லது படைக்கும் செயலின் பெயர். அந்த வரிசையில் ஒன்று மட்டும் பொருந்தாமல் நிற்கிறது: சண்டைப் பயிற்சி. இசையமைப்பாளரை ‘பாட்டுப் பயிற்சி’ என்று எவரும் எழுதுவதில்லை. நடன ஆசிரியர் நாயகிக்கு நாள்கணக்கில் அடவு சொல்லிக் கொடுத்தாலும் திரையில் வருவது ‘நடனம்’. சண்டைக்கு மட்டும், படைப்பு நாயகனுடையது, கற்பித்தல் மாஸ்டருடையது என்ற பாகப்பிரிவினை அந்த ஒற்றைச் சொல்லிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

இது எல்லா மொழிகளுக்கும் பொதுவான விதியன்று. இதைக் காண நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை; பெங்களூரின் விவேக் நகர் போதும். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா ஆகியவற்றை ஒட்டிய இப்பகுதியில் தமிழ் வீட்டுமொழி, கன்னடம் பள்ளிமொழி. குழந்தை இயேசு திருத்தலத்தில் இரு மொழிகளிலும் ஆங்கிலத்திலும் திருப்பலி நடக்கிறது. இங்கு வளர்ந்த தமிழ் இளைஞருக்குக் கன்னட எழுத்து தமிழ் எழுத்தைவிடச் சரளமாக வரக்கூடும். அவர் ஒரு கன்னடப் படத்தின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் சண்டைக்கு உரிய இடத்தில் ‘சாஹஸ’ என்ற சொல்லைப் படிப்பார். வீரச் செயல், துணிவுச் செயல் என்பது அதன் பொருள். அதை அமைப்பவர் ‘சாஹஸ நிர்தேசக’, அதாவது சாகச இயக்குநர். மலையாளத்தில் அது ‘ஸங்கட்டனம்’, மோதல். தெலுங்கில் ‘போராட்டாலு’, சண்டைகள். மூன்று மொழிகளும் செயலைப் பெயரிடுகின்றன. தமிழ் மட்டும் பாடம் நடத்துவதைப் பெயரிடுகிறது.

‘கே.ஜி.எஃப்’ முதல் பாகத்தின் சண்டைகளுக்காக விக்ரம் மோருடனும், இரண்டாம் பாகத்துக்காகத் தனித்தும் தேசிய விருது பெற்ற அன்பறிவ் இரட்டையர் தமிழர்கள். கன்னட நாளேட்டில் அவர்கள் சாகச இயக்குநர்கள். ஓசூரைத் தாண்டியதும் தமிழ் நாளேட்டில் சண்டைப் பயிற்சியாளர்கள். அதே மனிதர்கள், அதே படம், அதே அடி. விவேக் நகரில் இரு நாளேடுகளும் ஒரே கடையில் தொங்குகின்றன.

இதற்கு எதிராகச் சொல்லப்படக்கூடியது ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ‘பயிற்சி’ என்பது தாழ்த்தும் சொல் அன்று, ஆசானுக்குரிய மதிப்பைத் தரும் சொல் என்பர் சிலர். சிலம்பக் கூடத்திலிருந்தும் மல்யுத்தக் களத்திலிருந்தும் வாத்தியார்கள் ஸ்டூடியோவுக்குள் வந்த காலத்தில் அச்சொல் பொருத்தமாகத்தான் இருந்தது. வாள் பிடிக்கத் தெரியாத நடிகனுக்கு வாள் பிடிக்கச் சொல்லித் தருவது அன்றைய வேலையின் பெரும்பகுதி. ஆனால் கேமரா எந்த உயரத்தில் இருந்தால் படாத அடி பட்டதாகத் தெரியும், கயிற்றில் தொங்கும் உடலை எந்த இழுப்பில் நிறுத்த வேண்டும், எத்தனையாவது அசைவில் வெட்டினால் மாற்று நடிகரின் முகம் தெரியாது என்பவற்றை முடிவு செய்வது பயிற்சி ஆகாது. அது இயக்கம். சண்டை நடக்கும் பத்து நிமிடங்களுக்குப் பல படங்களில் உண்மையான இயக்குநர் அவரே. மெய்யான பயிற்சியாளர் எப்படி இருப்பார் என்பதற்குத் தமிழில் எடுத்துக்காட்டு இல்லாமலும் இல்லை. 2025 மார்ச்சில் மறைந்த ஷிஹான் ஹுசைனி கராத்தேயும் வில்வித்தையும் கற்பித்தவர். ‘பத்ரி’யில் (2001) நாயகனின் பயிற்சியாளராகவே நடித்தார். அவருக்கு அச்சொல் பொருந்தும். ஜூடோ ரத்தினத்துக்கும் அதே சொல்லைப் போடுவது இரு வேறு தொழில்களை ஒன்றாகக் கருதுவது.

பெயர் மாறினால் என்ன மாறிவிடும் என்று கேட்போர் விருதுப் பட்டியலைப் பார்க்கலாம். ஹாங்காங் திரைப்பட விருதுகள் 1982இல் தொடங்கின. மறு ஆண்டிலேயே சண்டைக்குத் தனிப்பிரிவு வந்துவிட்டது. சீனத்தில் அதன் பெயரிலேயே ‘வடிவமைப்பு’ என்ற சொல் இருக்கிறது. இந்திய தேசிய விருதுகள் 1954இல் தொடங்கியவை. சண்டைக்கான விருது 2016ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் தரப்பட்டது. பெற்றவர் ‘புலிமுருகன்’ மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெயின். ஆஸ்கர் இன்னும் மோசம்: 2027இல் வெளியாகும் படங்களுக்கு, நூறாவது விழாவில்தான் ‘ஸ்டண்ட் வடிவமைப்பு’ விருது வரவிருக்கிறது. தமிழக அரசு இவ்விஷயத்தில் தில்லியையும் ஹாலிவுட்டையும் முந்திக்கொண்டது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இக்கலைஞர்களுக்கு அது விருது தரத் தொடங்கி வெகுகாலம் ஆயிற்று. ஆனால் விருதின் பெயர் ‘சிறந்த சண்டைப் பயிற்சியாளர்’.

இனி ஆய்வுலகுக்கு வரலாம். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதிய நூல், திரையில் அடித்தட்டு மக்களுக்காக நாயகன் அடிப்பது அரசியலில் என்னவாக மாறியது என்பதை ஆராய்ந்தது. எஸ். வி. ஸ்ரீநிவாஸ் பெங்களூரிலிருந்தே, 2003இல், ஆந்திரத்தின் சிறுநகரக் கொட்டகைகளில் ஹாங்காங் படங்கள் எவ்வாறு சுற்றிவந்தன என்று எழுதினார். அவை தெலுங்கு நாயகனின் உடலை எப்படி மாற்றின என்பதையும் பின்னர் தொடர்ந்தார். இரண்டும் அரிய உழைப்பு. ஆனால் இரண்டும் நட்சத்திரத்தின் உடலோடும் பார்வையாளரோடும் நின்றுவிட்டன. பின்வந்தோர் இந்த எல்லையைத் தாண்டவில்லை என்பதே குறை. பாடலாசிரியருக்கு முனைவர் பட்ட ஆய்வேடுகள் குவிகின்றன. வசனத்துக்கும், சாதி சித்திரிப்புக்கும், ரசிகர் மன்றத்துக்கும் கருத்தரங்குகள் நடக்கின்றன. ஒரு சண்டைக் காட்சியின் அசைவுகளை அசைவுகளாகவே பிரித்தெழுதி, அதன் இலக்கணம் இது, இந்த மாஸ்டரின் நடை இது, இவர் இவரிடமிருந்து பெற்றது இது என்று காட்டும் ஆய்வேடு ஒன்றைத் தமிழ்த் துறைகளிலோ ஊடகத் துறைகளிலோ தேடிக் கண்டடைவது கடினம். பரதத்தின் கரணங்களுக்குக் குறியீடு வகுக்கத் தெரிந்த அறிவுலகம், ரத்தினம் தம் மாணாக்கருக்குக் கைமாற்றிய அசைவுகளுக்கு ஒரு தாள்கூடச் செலவிடவில்லை. அந்தத் தலைமுறையின் மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள்.

நட்சத்திரம் ‘ஒதுங்கினார்’ என்று வருந்துவோர் கவனிக்காமல் விடும் ஒருவர் இருக்கிறார். கேமராவுக்குப் பின்னால் போவதற்கு ஓர் இடம் வேண்டும். சில்வா 2021இல் ‘சித்திரைச் செவ்வானம்’ இயக்கினார். அடிதடிக்கு அப்பால் தந்தை மகள் உறவைப் பேசிய படம் அது. அன்பறிவ் கமல்ஹாசனை வைத்து இயக்கப்போவதாக 2024 தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. கன்னடத்தில் திரில்லர் மஞ்சு 1996லேயே ‘போலீஸ் ஸ்டோரி’யை இயக்கிக் காட்டினார். மாஸ்டராக உயர்ந்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கிறது. அவர்களின் குழுவில் இருபது முப்பது ஆண்டுகள் விழுந்து எழுந்த சண்டைக்கலைஞர்களில் எத்தனை பேர் மாஸ்டராக முடியும்? மற்றவர்களுக்கு வயது ஏறுகிறது, வேலை மாறுவதில்லை.

2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில் கார் பாய்ந்து உருண்ட காட்சியில் உயிரிழந்த சண்டைக்கலைஞர் 52 வயதினர் எனச் செய்திகள் கூறின. அந்த வயதில் நட்சத்திரங்கள் மானிட்டருக்கு முன் நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். அதற்கு முந்தைய ஜூலையில் சென்னையில் ‘சர்தார் 2’ தளத்தில் ஏறத்தாழ இருபதடி உயரத்திலிருந்து விழுந்து ஒருவர் இறந்தார். பெங்களூருக்கு அருகிலும் கணக்கு உண்டு. 2016 நவம்பர் 7ஆம் நாள் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் ‘மாஸ்தி குடி’ படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து மூவர் குதித்தனர். நாயகர் கரையேற்றப்பட்டார், எதிர்நாயகர்களாக நடித்த அனில், உதய் இருவரும் மூழ்கினர். 2021 ஆகஸ்டில் பிடதி அருகே ஒரு கன்னடப் படத்தின் சண்டைக் காட்சியில் இளம் கலைஞர் ஒருவர் மின்சாரம் தாக்கி மாண்டார்.

ஒவ்வொரு மரணத்துக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு; அவற்றை ஆராய நீதிமன்றங்கள் இருக்கின்றன. இங்கே கேட்க வேண்டியது வேறு. சட்டத்தின் மொழியில் இவர்கள் யார்? திரைத் தொழிலாளரின் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்த 1981இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கலைஞர் என்பதை விளக்கும்போது நடிகர், இசைக்கலைஞர், நடனக்கலைஞர் என்று மூவரைப் பெயர் சொல்லி அழைத்தது. உயரத்திலிருந்து விழுபவருக்குப் பெயர் இல்லை. அவர் ‘திறன்மிக்க, திறனற்ற, உடலுழைப்பு சார்ந்த’ என்று நீளும் வரிசையில் எங்கோ ஒரு மூலையில் அடங்கிக்கொள்ள வேண்டும். பெயர்ப்பட்டியல் செய்ததையே சட்டமும் செய்தது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, பயன்பெறுவோர் பட்டியலில் டப்பிங் கலைஞரோடு ஸ்டண்ட் கலைஞரையும் அரசு பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஒரு பெயர்ச்சொல் கிடைக்க 44 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதற்கிடையில் இவர்களில் ஏறத்தாழ 650 பேருக்கு மும்பையில் ஒரு நட்சத்திரத்தின் கருணையால் காப்பீடு கிடைத்தது. கருணையைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒளிப்பதிவாளரின் காப்பீட்டுக்கு எவருடைய கருணையும் தேவைப்படுவதில்லை என்பதையும் கவனிக்கலாம்.

ஹாங்காங்கும் இவ்விஷயத்தில் சொர்க்கம் அன்று. ஜாக்கி சானின் குழுவினருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்ததும், மருத்துவச் செலவை அவரே ஏற்றதும் பலரும் அறிந்தவை. படம் முடிந்ததும் ஓடும் காட்சிப் பிழைத் தொகுப்பில் அவர் உடைந்த எலும்புகளைக் காட்டினார். குறைந்தபட்சம், விழுந்தவர் யார் என்பது அங்கே தெரிந்தது. தமிழில் அவருக்குப் பெயர் ‘டூப்பு’. அதே சொல்லால்தான் பொய் சொல்பவனையும் ‘டூப்பு விடாதே’ என்று அதட்டுகிறார்கள். உண்மையாக விழுபவனுக்குப் பொய்யின் பெயர். விழுந்ததாகக் காட்டப்படுபவனுக்கு ‘ஆக்ஷன் ஹீரோ’ என்ற பெயர்.

‘ஒதுங்கினார்’ என்று இனி எழுதப்போகும் ஆய்வாளர் குறைந்தது இரண்டு வேலைகளைச் செய்யலாம். எழுதப்படும் நடிகர் எந்த ஆண்டில் முதன்முதலாகச் சண்டை அமைத்தார் அல்லது படம் இயக்கினார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அந்த ஒரு தேதியிலேயே கட்டுரையின் அடித்தளம் கரைந்துவிடும். அடுத்தது, அவர் நடித்த படங்களில் சண்டை அமைத்தவர் யார், அவர் குழுவில் விழுந்தவர்கள் யார் என்று விசாரிக்கலாம். வடபழனிப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் படத்தில் எந்த முதுகெலும்பு போனது என்று ஆண்டு தவறாமல் சொல்வார்கள். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று அமர இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு திட்டம் வகுத்ததாகத் தெரியவில்லை.